எந்த அட்டாலி

நான் சாயங்கால வகுப்பில் சேர்ந்தது டைப்படிக்கக் கற்றுக்கொள்ளத்தான். சட்டம் படிக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் குழந்தைவேல் வாத்தியாரிடம் இருந்தது ஒரே ஒரு மெஷின். இங்கிலீஷில் அதிகமாக வருகிற எழுத்தே அதில் உடைந்து கிடந்தது. அது பழுது பார்த்து வரும்வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாமே என்று, அவர் பகலில் குமாஸ்தாவாக இருக்கும் வக்கீல் வீட்டிலிருந்து புத்தகங்களைக் கொண்டுவந்து எங்களுக்கு வாசித்துக் காட்டினார். மெஷின் கடைசிவரை வரவில்லை. நாங்கள் சட்டம் கற்றுக்கொண்டோம்.

ஐயா, நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் வந்திருக்கிறேன். போன ஆடியில் எங்கள் பருத்தி மில்லுக்கு நீங்கள் விசாரணைக்கு வந்தபோது உங்களுக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டவன் நான்தான். அன்று நீங்கள் கேட்டதற்கெல்லாம் சரியாகத்தான் பதில் சொன்னேன். அதில் இப்போதும் எனக்குச் சந்தேகமில்லை. கேட்காமல் விட்டவற்றைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்தேன். குப்பாயி அக்காவிலிருந்து ஆரம்பிப்பதுதான் முறை.

எனக்குச் சொந்த ஊர் வெண்ணந்தூர். திருச்செங்கோட்டில் மில் கணக்குப் பார்க்க வந்தபோது சமையலுக்கு வழியில்லாமல் மில்லின் முன்னறையிலேயே படுத்துக்கொண்டேன். மில் முதலாளி மணியனை எல்லோரும் பண்ணாடி என்போம், அவர் சம்சாரத்தைப் பண்ணாடிச்சி என்போம். அவர் வீட்டில் மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்து அறையில் குப்பாயி அக்காவும் அவள் மகள் அத்தாயியும் இருந்தார்கள். பாத்திரம் துலக்குவது, நெல் குத்துவது, தண்ணீர் சுமப்பது, ராத்திரி பண்ணாடிச்சிக்குக் கால் பிடிப்பது எல்லாம் குப்பாயி அக்காதான். மத்தியானம் பண்ணாடிக்கு மில்லுக்குச் சோறு கொண்டுவரும்போது எனக்கும் ஒரு தூக்குப்போசி நிறையக் கொண்டுவருவாள். யாரும் அவளைக் கொண்டுவரச் சொல்லவில்லை.

"சாமி, சோத்த உட்டுட்டு எழுத்தத் திங்கறயே, அது செரிக்குமா?" என்பாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை வாசற்படியில் உட்கார்ந்து, பஞ்சுத் தூசியில் தும்மிக்கொண்டிருப்பாள். அத்தாயியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். பண்ணாடிச்சிக்கு அது பிடிக்காது. "படிச்சுப் போட்டுக் கலெக்கிட்டரு ஆவப் போறாளாக்கும்" என்று சொல்லிக் காட்டுவார்களாம். அதற்குக் குப்பாயி அக்கா, "ஆவறாளோ இல்லையோ, அட்டாலி ஏற மாட்டாளுங்க" என்று சொன்னதாக என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

அட்டாலி என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். கூரைக்கு அடியில் பலகை அடித்துச் சாமான் போட்டு வைக்கிற இடம். பண்ணாடி வீட்டில் அடுப்படிக்கு மேலே ஒன்று இருக்கிறது. மில் கிடங்கில் பஞ்சு மூட்டைகளுக்கு மேலே ஒன்று இருக்கிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம். வீட்டு ஏணியில் நடுப்படி விரிசல் விட்டுக் கற்றாழை நாரால் கட்டியிருக்கும். மில் ஏணி நல்ல ஏணி.

ஒருநாள் வகுப்பில் வாத்தியார், வேலையில் அடிபட்டவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்கும் சட்டத்தை வாசித்தார். எங்கள் மில்லுக்கும் அதற்காக ஒரு கம்பெனியில் இன்சூரன்ஸ் கட்டியிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதன் அர்த்தம் அன்றைக்குத்தான் புரிந்தது. வேலையின்போதும், வேலையின் பொருட்டும் நேர்ந்த விபத்தாக இருக்க வேண்டும். இந்த வரியை வாத்தியார் எங்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். செத்தால் ஒரு கணக்கு, பிழைத்தால் ஒரு கணக்கு என்பதையும் விளக்கினார்.

நான் எழுந்து, "ஊட்டு வேலை செய்யறவிங்களுக்கு இது உண்டுங்களா?" என்று கேட்டேன்.

"ஏப்பா, உங்கம்மா சோறாக்கறப்பக் கை சுட்டுக்கிட்டா ஆரு இன்சூரன்சு கட்டறது? உங்கப்பனா?" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு அவர் குரலைத் தணித்துச் சொன்னார்: "மில்லாளு உண்டு, ரயிலு ஆளு உண்டு. ஊட்டாளுக்குச் சட்டத்துல எடமில்ல, அருணகிரி."

மறுநாள் நான் பண்ணாடியிடம், குப்பாயி அக்காவையும் மில் ஆளாகச் சேர்த்துக்கொண்டால் இன்சூரன்ஸில் அவளும் வந்துவிடுவாள் என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் கோபிக்கவில்லை. "அவ என்ன கூலிக்கு வந்தவளாடா? எங்க ஊட்டாளு. ஊட்டாளுக்கு ஆராச்சும் இன்சூரன்சு கட்டுவாங்களா? சோறு போடறம், நோம்பிக்குச் சீலை எடுக்கறம், செத்தா நாங்கதான் தூக்கிப் போடறம்" என்றார். அவர் அதை மனசாரத்தான் சொன்னார். குப்பாயி அக்காவுக்கும் அந்தச் சொல்லில் ஒரு பெருமை உண்டு. தண்ணீர்க் கிணற்றடியில் மற்றவர்களிடம், "நான் வேலைக்காரி இல்ல ஆயா, ஊட்டாளு" என்று அவள் சொல்ல நானே கேட்டிருக்கிறேன்.

வாத்தியார் சொன்னதை அவளிடமும் சொன்னேன். போசியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப மில்லுல உழுந்தாக் காசு, ஊட்டுல உழுந்தாத் தூசுன்னு சொல்லு."

"அப்படித்தானுங்க்கா."

"செரி போ. உழுகறதா இருந்தா உன்ற மில்லுல வந்து உழுந்துக்கறேன். அத்தாயி படிச்சுப் போடுவா."

இதை அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இருந்தாலும் சொன்னாள். இதை நீங்கள் எழுதிக்கொண்டால் நல்லது. பிறகு நான் செய்ததெல்லாம் அவள் சம்மதத்தோடு செய்ததா, சம்மதமில்லாமல் செய்ததா என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பேச்சுத்தான் ஞாபகத்துக்கு வருகிறது. சிரித்துக்கொண்டு சொன்னதைச் சம்மதமாகக் கொள்ளலாமா என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. தேடிப் பார்த்தேன்.

ஈசுவர வருஷம் வைகாசித் தேருக்கு முன்னால் பண்ணாடி வீட்டில் ஒறம்பரை நிறைய வரவிருந்தார்கள். விருந்தாளிகளுக்குத் தலையணை தைக்கப் பஞ்சு வேண்டும் என்று பண்ணாடிச்சி சௌந்திரத்தம்மாள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பண்ணாடி சேலம் போயிருந்தார். வண்டிக்காரன் தேர்வேலைக்குப் போய்விட்டதால் நானே மில் வண்டியைப் பூட்டிப் பஞ்சை ஏற்றிக்கொண்டு போனேன். நல்ல மத்தியானம். நான் வண்டியை அவிழ்க்காமல் வாசலில் நிறுத்தும்போது உள்ளே பித்தளை அண்டா உருளுகிற சத்தம் கேட்டது. அது உருண்டு நின்ற பிறகுதான் பண்ணாடிச்சி கத்தினார்கள்.

அடுப்படியில் குப்பாயி அக்கா ஒருக்களித்துக் கிடந்தாள். ஏணி நார் அறுந்து தொங்கியது. அம்மிக்கல்லின் விளிம்பில் தலை பட்டிருந்தது. காதிலிருந்து கொஞ்சம் ரத்தம். கண் திறந்துதான் இருந்தது. "அண்டா நசுங்கிருச்சுங்களா?" என்று கேட்டாள்.

நானும் பண்ணாடிச்சியும் அவளைத் தூக்கிக் கொண்டுபோய் வண்டியில் பஞ்சின்மேல் படுக்க வைத்தோம். ரத்தம் வந்த இடத்தில் ஒரு பிடி பஞ்சை வைத்து அழுத்தினேன். வெயில் படாமல் இருக்க மேலே சாக்கை இழுத்துவிட்டேன். அத்தாயி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். பண்ணாடிச்சி வீட்டைப் போட்டுவிட்டு வர முடியாது. "ஏப்பா, சுருக்கப் போ. டாக்டர்கிட்டத்தானே?" என்றார்கள்.

"டாக்டரைப் பாக்கறனுங்க" என்றேன்.

வீட்டிலிருந்து போகும் பாதை முச்சந்தியில் பிரிகிறது. இடது கைப்பக்கம் ஆஸ்பத்திரி. நேரே போனால் மில். முச்சந்திவரை எனக்கு வேறு எண்ணமில்லை என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மாடுகள் மில்லுக்குப் போய்ப் பழகியவை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் கயிறு என் கையில்தான் இருந்தது.

நான் யோசித்தது இதுதான். காதில் ரத்தம் வந்தால் ஆள் பிழைப்பதில்லை என்று வெண்ணந்தூரில் சொல்வார்கள். என் பெரியப்பா பனையிலிருந்து விழுந்து அப்படித்தான் போனார். குப்பாயி அக்கா பிழைக்கமாட்டாள் என்று நான் முடிவு செய்தேன். நான் வைத்தியம் படித்தவன் அல்ல. பிழைக்கமாட்டாள் என்றால், ஆஸ்பத்திரியில் அவள் பண்ணாடி வீட்டு அட்டாலியிலிருந்து விழுந்து செத்த ஊட்டாள். மில்லில் என்றால், வேலையின்போதும் வேலையின் பொருட்டும். முதலாவதில் அத்தாயிக்கு நோம்பிச் சீலை. இரண்டாவதில் பள்ளிக்கூடம். எவ்வளவு யோசித்தாலும் இதில் எங்கே தப்பு என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. நேரே ஓட்டினேன்.

மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆட்கள் எல்லோரும் அரவைப் பக்கம் இருந்தார்கள். கிடங்கின் பின்கதவு வழியாக அவளைத் தூக்கிக்கொண்டு போனேன். அவ்வளவு வேலை செய்கிறவள் அவ்வளவு லேசாக இருப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அட்டாலிக்கு நேர் கீழே படுக்க வைத்தேன். ஏணியைச் சாய்த்துப் போட்டேன். கிடங்கு கூட்டுகிற பெண் அந்த வாரம் வேலைக்கு வரவில்லை. அந்த இடத்துக்கு அன்றைக்குக் குப்பாயி வந்ததாக மில் ஆள் கணக்கில் குறித்துக்கொண்டேன். பிறகு அவள் தலைமாட்டில் உட்கார்ந்தேன்.

கண் விழித்து மேலே பார்த்தாள். அட்டாலிப் பலகை தெரிந்திருக்கிறது. வீடு என்றே நினைத்துவிட்டாள்.

"ஆசுபத்திரிக்குப் போயிட்டு வந்துட்டமா, சாமி?"

"வந்துட்டம்க்கா" என்றேன். வந்துதான் இருந்தோம்.

"டாக்டரு என்ன சொன்னாரு?"

தரையில் சிதறிக் கிடந்த பஞ்சைக் கூட்டி அவளுக்கு அடியில் அணைத்தேன். அவள் கையால் தடவி, அடியில் கிடந்த பஞ்சைப் பிடித்துப் பார்த்தாள். "மெத்தையாட்ட இருக்குது. ஒறம்பரைக்கு வெச்சதுல என்னையப் போட்டுட்டயா? அம்மா வைவாங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் கேட்டாள். தலையில் அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தால் ஆபத்து என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதனால் கொடுக்கவில்லை. அவள் மறுபடியும் கேட்டாள். அப்போதும் கொடுக்கவில்லை. அவளுக்கு ஒரு கெடுதலும் வந்துவிடக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன்.

நீங்கள் கேட்கலாம்: கிடங்கில் சேர்த்த பிறகாவது டாக்டருக்கு ஆள் அனுப்பியிருக்கலாமே என்று. நானும் அதை யோசித்தேன். அவள் பிழைத்து எழுந்தால் எந்த அட்டாலி என்று சொல்லிவிடுவாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. அதோடு, செத்தால் ஒரு கணக்கு, பிழைத்தால் ஒரு கணக்கு என்பதும் என் மனதில் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. ஆகவே காத்திருந்தேன். அவள் கையை விடவில்லை. நகக்கண்ணில் புளியும் சாம்பலும் இருந்தன.

கடைசியாக அவள் சொன்னது, "அத்தாயிய அட்டாலி ஏற உட்டுராதே" என்பது. "உட மாட்டனுங்க்கா" என்றேன்.

அதற்குப் பிறகும் சாயங்காலச் சங்கு ஊத நிறைய நேரம் இருந்தது. மூச்சு நின்றதா என்று பஞ்சு இழையை மூக்கருகே வைத்துப் பார்த்தேன். கிடங்கில் காற்றில்லை. இழை ஆடிக்கொண்டே இருந்தது. ஆடாமல் நின்ற பிறகு எழுந்துபோய் ஆட்களைக் கூப்பிட்டேன்.

டாக்டர் வந்தார். இமையைத் தூக்கிப் பார்த்தார், காதைப் பார்த்தார். "உழுந்து நேரமாச்சே. உடனே கொண்டாந்திருந்தா ஏதாவது பண்ணியிருப்பேன். இதவிட மோசமா உழுந்தவங்க எழுந்திரிச்சு நடக்கறாங்க" என்றார். என் பெரியப்பாவைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டும் போல் இருந்தது, சொல்லவில்லை.

பண்ணாடி சேலத்திலிருந்து திரும்பியதும் வீட்டுக்குள் போய்ப் பண்ணாடிச்சியிடம் பேசிவிட்டு வந்தார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீ படிச்சதுக்கு இன்னைக்குத்தான்டா பிரயோசனம்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

அப்புறம் நஷ்டஈட்டு விசாரணைக்கு நீங்கள் வந்தீர்கள். எப்படி விழுந்தாள் என்று கேட்டீர்கள். அட்டாலியிலிருந்து விழுந்தாள் என்றேன். எந்த அட்டாலி என்று நீங்கள் கேட்கவில்லை. கிடங்கில் நின்றுகொண்டு கேட்டதால் கேட்கத் தோன்றியிருக்காது. இதில் உங்களைக் குறை சொல்ல வரவில்லை.

ஆனால் இன்னொரு கேள்வி கேட்டீர்கள். அத்தாயியை முன்னால் நிறுத்தி, இந்தப் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டீர்கள். பண்ணாடிச்சி அவள் தோளில் கை வைத்து, "எங்க ஊட்டாளுங்க" என்றார்கள். நீங்கள் பட்டணத்துக்காரர். வீட்டு மனுஷி, உறவுக்காரி என்று எடுத்துக்கொண்டீர்கள். பண்ணாடியையே பாதுகாவலர் என்று எழுதிப் பணத்தை அவர் பொறுப்பில் விட்டீர்கள். நான் உங்களுக்குப் பின்னால்தான் நின்றேன். அந்தச் சொல்லுக்கு எங்கள் பக்கம் வேறு அர்த்தம் என்று சொல்ல வாய் திறந்தேன். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும் என்று மூடிக்கொண்டேன். அவள் அம்மாவைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்திய அதே சொல்தான்.

பணம் கல்யாணத்துக்கு இருக்கட்டும் என்று பண்ணாடி பத்திரமாக வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்துக்கு யாரும் அனுப்பவில்லை. இப்போது மத்தியானச் சோறு அத்தாயிதான் கொண்டுவருகிறாள். எனக்கும் ஒரு போசி கொண்டுவருகிறாள். நான் சாப்பிடும்வரை அவள் அம்மா உட்கார்ந்த படியிலேயே உட்கார்ந்திருக்கிறாள். "அண்ணா, கடைசி நேரத்துல அம்மா பக்கத்துல நீங்கதான இருந்தீங்க? என்ன சொல்லுச்சு?" என்று ஒருமுறை கேட்டாள். உன்னைப் படிக்கச் சொன்னாள் என்றேன். அதுவும் பொய் இல்லை. அன்றைக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

முந்தாநாள் பொங்கல் நோம்பிக்குப் பானை எடுக்க வேண்டும் என்று பண்ணாடிச்சி அவளை அட்டாலிக்கு ஏற்றினார்கள். நான் கணக்கு விஷயமாக வீட்டுக்குப் போயிருந்தேன். ஏணி அதே ஏணி. நாரை மட்டும் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். அவள் மேலே நின்றுகொண்டு, "அண்ணா, புடிச்சுக்குங்க" என்றாள். ஏணியைத்தான் சொன்னாள். எனக்குக் கை எழவில்லை. அவள் இறங்கிவிட்டாள், ஒன்றும் ஆகவில்லை. நான் அன்றே புறப்பட்டு வந்துவிட்டேன்.

ஐயா, நான் இதையெல்லாம் சொன்னால் அந்தப் பணம் கம்பெனிக்கே திரும்பிப் போய்விடும் என்று எனக்குத் தெரியும். அத்தாயிக்கு ஒன்றுமே மிஞ்சாது. சொல்லாவிட்டால் அவள் அந்த ஏணியில்தான் ஏறிக்கொண்டிருப்பாள். இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பல நாள் பார்த்தேன். என்னை என்ன செய்தாலும் சரி. அவளை அந்த வீட்டிலிருந்து எடுத்து எங்கேயாவது படிக்கிற இடத்தில் சேர்க்க உங்களால் முடியுமா என்று மட்டும் கேட்கிறேன். நான் குப்பாயி அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. டாக்டரைப் பார்க்கிறேன் என்று பண்ணாடிச்சியிடம் சொன்னேன் அல்லவா? பார்த்தேன். முச்சந்தியில் எதிரே சைக்கிளில் வந்தார். ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்று, நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவருடைய மருந்துப் பை முன்னால் தொங்கியது. கையை நீட்டினால் தொடலாம்.

"என்னப்பா, இந்த வெயில்ல நீ வண்டியோட்டறே? வண்டியில என்ன?" என்று கேட்டார்.

சாக்குக்கு அடியில் குப்பாயி அக்கா விழித்துத்தான் இருந்தாள். அவர் குரல் அவளுக்குக் கேட்டிருக்கும். ஒரு சத்தமும் போடவில்லை. நான் சொல்லிவிடுவேன் என்று பேசாமல் இருந்தாள் போலிருக்கிறது.

"பஞ்சுங்க" என்றேன். அவர் மணியடித்துக்கொண்டு போய்விட்டார்.

அதைப் பொய் என்று மட்டும் எழுதிக்கொள்ள வேண்டாம், ஐயா. வண்டியில் பஞ்சும் இருந்தது.